பாதுகாப்பான நலங்கு

அலோர் காஜாவில் முகநலப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று இருப்பது, முகம் வெந்த பிறகுதான் ஒருவருக்குத் தெரியவரும். டயர் கடைக்கு மேல்மாடியில், டியூஷன் வகுப்பைத் தாண்டி, கழிப்பறைக்கு எதிரே இருக்கிறது அந்த அலுவலகம். கதவில் 'முகம் உங்களுடையது, கவலை எங்களுடையது' என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். மூன்றிலும் பொய்தான்.

மக்களின் முகத்தைக் காப்பாற்ற வாரியம் கண்டுபிடித்த கருவி ஒரு ஸ்டிக்கர். வெள்ளி நிறம், சாய்த்துப் பார்த்தால் பச்சையாக மின்னும். அது ஒட்டிய டப்பா பாதுகாப்பானது. ஒட்டாத டப்பா ஆபத்தானது. கிரீம் கம்பெனிக்காரர்கள் கேட்டால் ஸ்டிக்கரை ரோல் ரோலாகக் கொடுத்துவிடுவார்கள். ஒட்டுவது கம்பெனியின் பொறுப்பு, நம்புவது நம் பொறுப்பு. இவ்வளவு சுலபமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரெம்பியாவில் செம்பனை எண்ணெய் ஆலைக்கு லாரி ஓட்டும் நல்லமுத்துவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, மகள் நிர்மலாதேவிக்கு நலங்கு வைக்கும்வரை.

நலங்கில் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து அவள் கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசுவார்கள். பெண் தன் கையால் தொட்டுக்கொள்ளக் கூடாது. அதுதான் முறை. அன்றைக்கு ஒன்பது பேர் பூசினார்கள். பூசிய கிண்ணத்தில் மஞ்சள் மட்டும் இல்லை என்பது கிண்ணத்தைக் கலக்கிய ஜெயமணிக்குத்தான் தெரியும். ஜெயமணி நல்லமுத்துவின் கொழுந்தியாள், அவர் மனைவி பாக்கியலட்சுமியின் தங்கை. அலோர் காஜாவில் அழகுசாதனக் கடை வைத்திருக்கிறாள்.

"சும்மா மஞ்சள் மட்டும் போட்டா வீடியோவுல மங்கலா தெரியும்லா. நிலாப்பொலிவு ஒரு டப்பா கலந்துட்டேன்," என்று மறுநாள் அவளே சொன்னாள். சொல்லும்போது அவள் கையும் கொப்பளித்திருந்தது.

நிலாப்பொலிவு என்பது முகத்தை வெளுப்பாக்கும் கிரீம். ஜெயமணி கெட்டவள் இல்லை. கடை கொள்ளாமல் வீட்டுக் கூடத்திலும் நிலாப்பொலிவுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

பூசிய ஒன்பது பேருக்கும் கை சிவந்து தடித்தது. நிர்மலாதேவிக்கு முகம் வீங்கி, இமைகள் மூடிக்கொண்டன. இரண்டாம் நாள் கன்னத்துத் தோல் உரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "பாதரசம் கலந்திருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா அந்தக் கிரீம கடையிலருந்து எடுக்கற அதிகாரம் எங்களுக்கு இல்ல. வாரியத்துக்கிட்ட போங்க," என்றார். கல்யாணம் தள்ளிப்போனது. கிளேபாங்கில் இருந்த மாப்பிள்ளை வீட்டார், முகம் தெளியட்டும், பிறகு தேதி பார்ப்போம் என்றார்கள். அதன்பிறகு அவர்கள் போனை எடுப்பதும் குறைந்துபோனது.

நல்லமுத்து லாரியை ஓரம்கட்டிவிட்டுத் தனியாக அழுதார். ஆனால் அவர் வாரியத்தின் படியேறியது தன் மகளுக்காக மட்டும் இல்லை. எதிர்வீட்டு ராகினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். பிறந்த நாளிலிருந்து நல்லமுத்து வீட்டில் பாதிநேரம் வளர்ந்த பெண். அவளுக்கும் கல்யாணப் பரிசாக ஜெயமணி ஒரு நிலாப்பொலிவு டப்பாவைக் கொடுத்து வைத்திருந்தாள்.

"அத தூக்கிப் போட்டுரும்மா," என்று நல்லமுத்து போய்ச் சொன்னார்.

ராகினி டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். பச்சையாக மின்னியது. "ஸ்டிக்கர் இருக்கே அங்கிள். கெட்டதா இருந்தா வாரியம் சும்மா விட்டிருக்குமா? நிர்மலாக்காவுக்கு வேற ஏதோ ஒத்துக்காம போயிருக்கும்லா. அன்னிக்கு எறா சாப்பிட்டாங்க, நானே பாத்தேன்."

அவள் முட்டாள் இல்லை, டிப்ளோமா படித்தவள். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்து வளர்த்த பிள்ளை, லாரி ஓட்டுகிறவர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? ஆகவே நல்லமுத்துவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ராகினியின் நலங்குக்கு முன்னால், இந்தக் கிரீமைப் போடாதே என்று வாரியம் தன் வாயால் சொல்ல வேண்டும். நஷ்டஈடு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். அரசாங்க அலுவலகத்தில் கிடைக்கவே கிடைக்காத பொருளைத்தான் கேட்கிறோம் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

மகளை அழைத்துக்கொண்டு போனார். நிர்மலாதேவி சால்வையால் முகத்தை மூடியிருந்தாள். கவுண்டரில் இருந்த பெண், "இதுல பயனீட்டாளர் யாரு?" என்று கேட்டாள்.

"எம் மகதான்."

"நீங்களே கையால எடுத்துப் போட்டீங்களா?"

"இல்லக்கா, நலங்குல நம்ம தொடக்கூடாது. அவங்கதான் பூசுவாங்க," என்றாள் நிர்மலாதேவி.

கவுண்டர் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போய் அதிகாரி நிவேந்திரனை அழைத்து வந்தாள். நிவேந்திரனுக்கு வயது நாற்பது இருக்கும். முகம் மட்டும் இருபத்தைந்தில் நின்றுவிட்டது. அவர் நிர்மலாதேவியைப் பார்த்து மிகவும் வருந்தினார். வருந்தி முடித்ததும் விளக்கினார்.

"அங்கிள், ரூல் ரொம்ப தெளிவா இருக்கு. பொருள கையால எடுத்தவங்கதான் பயனீட்டாளர். உங்க மக எடுக்கல. அவங்க பூசப்பட்டவங்க. பூசப்பட்டவங்களுக்கு நாங்க அனுதாபம் தெரிவிக்கலாம், கம்ப்ளைன் எடுக்க முடியாது."

"முகம் அவளோடதுதானே சார்?"

"அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்ல. கதவுலயே போட்டிருக்கோமே. பூசுனவங்கள கூட்டிட்டு வாங்க, உடனே எடுத்துக்கறேன்."

ஒன்பது பெண்களும் ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஒரு வேனில் கிளம்பினார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டார்கள். அரசாங்க அலுவலகம் என்பதால் நல்ல சேலையாகவே உடுத்திக்கொண்டார்கள். போனதே தப்பாகப் போயிற்று. நிவேந்திரன் அவர்களைக் கூட்ட அறையில் உட்கார வைத்து, வரிசையாக நீட்டிய கொப்புளக் கைகளைப் பார்த்துவிட்டு, கேட்க ஆரம்பித்தார். பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தீர்களா? வைத்தோம். முகத்துக்கு நேரே லைட் இருந்ததா? வீடியோக்காரர் போட்டார். துண்டு போர்த்தினீர்களா? புடவையில் படாமல் இருக்கப் போர்த்தினோம்.

"முடிஞ்சதும் கையில ஏதாச்சும் வாங்குனீங்களா?"

"தாம்பூலப் பை குடுத்தாங்க. வெத்தல பாக்கு, ஜாக்கெட் துணி, ஒரு பாக்கெட் முறுக்கு," என்றாள் பாக்கியலட்சுமியின் அக்கா தேவமலர். ஒன்பது பேரில் மூத்தவள் அவள்தான்.

நிவேந்திரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப நாற்காலி, லைட், துண்டு, ஆளுக்கு ஆளு சேவை, அதுக்கு ஊதியம். ஆண்ட்டி, இதுக்குப் பேரு அழகு நிலையம். லைசன் இருக்கா?"

"தம்பி, அது ஊதியம் இல்ல. மரியாத."

"மரியாதைக்கும் லைசன் வேணும் ஆண்ட்டி. இல்லன்னா நாட்டுல யார் வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் மரியாத செய்ய ஆரம்பிச்சிருவாங்க."

இப்படியாக, கிரீமின் மீது புகார் கொடுக்கப் போன ஒன்பது பேரும் லைசன் இல்லாமல் அழகு நிலையம் நடத்திய குற்றத்துக்காக விசாரணைக்கு உட்பட்டவர்கள் ஆனார்கள். விசாரணை முடியும்வரை யாருடைய முகத்தையும் தொடக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. ஒருத்தி, தன் சின்னப் பையனுக்குப் பவுடர் போட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகவும் அது சேர்த்தியா என்றும் கேட்டாள். தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை, பவுடர் தொழில்நுட்ப விஷயம், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் நிவேந்திரன். வேனில் திரும்பி வரும்போது யாரும் புளிச்சோற்றைத் தொடவில்லை. நல்லமுத்துவிடமும் யாரும் பேசவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நல்லமுத்து விடவில்லை. எதிர்வீட்டில் பந்தல்காரன் வந்து அளவெடுத்துக்கொண்டிருந்தான். மறுபடியும் படியேறினார். இந்த முறை கலக்காமல் மிச்சமிருந்த மஞ்சளையும் காலி டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்த கிரீமையும் கொண்டு போனார்.

"ஆரு தப்பு செஞ்சதுன்னு அப்புறம் பாத்துக்கங்க சார். நான் ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன். இத மட்டும் டெஸ்ட் பண்ணிருங்க. அந்தப் பிள்ள நலங்குக்கு முன்னால சொல்லிருங்க."

நிவேந்திரன் மஞ்சளை வாங்கிக்கொண்டார். கிரீமைத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கிள், இது திறந்த டப்பா. திறந்ததுக்கப்புறம் உள்ள என்ன வேணும்னாலும் கலந்திருக்கலாம். இத டெஸ்ட் பண்ணா ரிசல்ட் செல்லாது."

"கடையில புதுசு வாங்கிட்டு வரேன்."

"புதுசுன்னா சீல் இருக்கும். சீல் உடைச்சாத்தான் டெஸ்ட் பண்ண முடியும். உடைச்சா அது திறந்த டப்பா ஆயிரும்."

நல்லமுத்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாரியில் எத்தனையோ குறுகிய சந்தில் மாட்டியிருக்கிறார், எதிலிருந்தும் எப்படியாவது வெளியே வந்திருக்கிறார். இதில் வழி தெரியவில்லை.

"அப்ப எப்பதான் சார் டெஸ்ட் பண்ணுவீங்க?"

நிவேந்திரன் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர், மறைக்கத் தெரியாதவர். "ஒண்ணு சொல்றேன் அங்கிள், வெளிய சொல்லாதீங்க. இதுல எங்க ஸ்டிக்கர் இருக்கு. ஸ்டிக்கர் இருக்கற பொருள நாங்க டெஸ்ட் பண்ணா, எங்க ஸ்டிக்கர நாங்களே சந்தேகப்படற மாதிரி ஆயிரும். நாங்களே சந்தேகப்பட்டா அப்புறம் மக்கள் எத நம்புவாங்க? மக்களோட நம்பிக்கைதான் பொதுப் பாதுகாப்பு. முகம் ரெண்டாவது."

நல்லமுத்து டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தார். "அப்ப உங்க கையில கொஞ்சம் போட்டுக்கங்க சார். நான் பேசாம போயிர்றேன்."

நிவேந்திரன் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். "எனக்கு சென்சிடிவ் ஸ்கின் அங்கிள்," என்றார்.

மஞ்சளின் முடிவு பத்து நாளில் வந்தது. நிவேந்திரனே போனில் கூப்பிட்டு, சந்தோஷமாகச் சொன்னார். பரிசோதித்த பொருள் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது, தோலில் பட்டால் தோலின் நிறம் மாறுகிறது, நிறம் மாற்றும் பொருள் எதுவானாலும் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், ஆனால் மஞ்சள் என்று ஒரு பொருளை இதுவரை யாரும் பதியவில்லை, உற்பத்தியாளர் யார் என்றும் தெரியவில்லை. ஆகவே நிர்மலாதேவியின் முகத்துக்குக் காரணம், பதிவில்லாத மஞ்சள்.

"மஞ்சள காலங்காலமா பூசறாங்களே சார்."

"அதான் அங்கிள் பயமா இருக்கு. இவ்வளவு காலமா ஒருத்தரும் கவனிக்கல பாருங்க."

செய்தி எப்படியோ நல்லமுத்துவுக்கு முன்னால் ஜெயமணி கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் கடை வாசலில் பெரிய பேனர் தொங்கியது. 'நிலாப்பொலிவு. வாரிய விசாரணையில் குற்றமற்றது. மஞ்சள் கலக்காமல் பூசவும்.' சனிக்கிழமை இரவுச் சந்தையான பாசார் மாலாமிலும் அவள் ஒரு மேசை போட்டாள். கூட்டம் நெருக்கியது.

நிர்மலாதேவி அன்றைக்கு முதல் தடவையாகத் தானாக வெளியே வந்தாள். சாலையைத் தாண்டி ராகினி வீட்டுக்குப் போய், சால்வையை எடுத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள். ராகினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நிஜமான அழுகைதான். அழுது முடித்துவிட்டு, "எங்க வீட்டுல மஞ்சள மொத்தமா தூக்கிப் போட்டாச்சுக்கா. சமையலுக்குக்கூட இல்ல," என்றாள்.

வாரியத்துக்கு ஒரு விபத்தை வீணாக்கும் வழக்கம் கிடையாது. நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு 'பாதுகாப்பான நலங்கு' என்று ஒரு திட்டத்தைத் தயாரித்தார்கள். வாரியத்தின் மேற்பார்வையில், ஒரு நாள் லைசனோடு, ஒழுங்குமுறைப்படி நடக்கும் முதல் நலங்கு. முன்னோடி நிகழ்ச்சிக்கு ரெம்பியாவிலேயே ஒரு கல்யாணப் பெண் கிடைத்தாள். பொது மண்டபமான டேவானின் வாடகையை வாரியமே ஏற்றுக்கொள்ளும் என்றதும் ராகினியின் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தாமான் குடியிருப்பின் டேவானில் நாற்காலி போட்டு, வாழைமரம் கட்டி, வாழைமரத்துக்குப் பக்கத்தில் வாரியத்தின் கொடியையும் நட்டிருந்தார்கள். லைசன் பெற்ற வேறு ஒன்பது சுமங்கலிகள் வரிசையில் நின்றார்கள். பட்டுப்புடவை, தலையில் பிளாஸ்டிக் தொப்பி, மல்லிகைப் பூ தொப்பிக்கு உள்ளே, கையில் முழங்கை வரை ரப்பர் உறை. மூன்று நாள் பயிற்சியில் கன்னத்தை எப்படித் தொடுவது என்று ஒரு பொம்மையை வைத்துக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஒருவர் வருகிறவர்களின் பைகளைச் சோதித்து மஞ்சள் கிழங்குகளைப் பறிமுதல் செய்துகொண்டிருந்தார். சாமிக்கண்ணு என்கிற பெரியவர் அன்பளிப்பாகக் கொண்டுவந்த தாலிக் கயிற்றில் மஞ்சள் தடவியிருந்ததால் அதுவும் பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது. தாம்பூலப் பை தடை. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கைகழுவும் திரவம்.

பூசுவதற்கு ஸ்டிக்கர் உள்ள பொருளுக்கு மட்டுமே அனுமதி. ரெம்பியா வட்டாரத்தில் ஸ்டிக்கர் உள்ள பொருள் ஒன்றுதான். வெள்ளித் தட்டில் மூன்று டப்பா நிலாப்பொலிவு அடுக்கியிருந்தது. ஜெயமணி இலவசமாகக் கொடுத்தாள் என்று மைக்கில் இரண்டு தடவை சொன்னார்கள்.

நல்லமுத்து பின்னாலிருந்து எழுந்து நேராக மேடைக்குப் போய் தட்டைத் தூக்கினார். அவ்வளவுதான் அவர் யோசித்து வைத்திருந்தது. தட்டோடு வெளியே ஓடிவிடலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம். கொடிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு அமலாக்க அதிகாரிகள் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பிடித்தார்கள்.

"அங்கிள், கையுறை இல்லாம தொட்டுட்டீங்களே," என்றார் நிவேந்திரன் வருத்தத்தோடு. தட்டு திரும்பவும் மேசைக்குப் போனது.

"ராகினி, வேணாம்மா. எந்திரிச்சு வந்துரு," என்று நல்லமுத்து கூப்பிட்டார். ராகினி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அவமானமாக இருந்தது, அவருக்காகத்தான்.

அப்பாவைப் பிடித்திருப்பதைப் பார்த்து நிர்மலாதேவி முன்னால் வந்தாள். முகத்தை மூடவில்லை. டேவானில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம், நானும் ஏதோ நடக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். நிவேந்திரன் மைக்கை எடுத்தார்.

"அன்பான பொதுமக்களே, இந்தச் சகோதரிய நல்லா பாத்துக்குங்க. ரொம்ப தைரியசாலி. பதிவில்லாத மஞ்சளோட விளைவ நமக்குக் காட்டறதுக்காக நேர்ல வந்திருக்காங்க. இவங்களுக்கு ஒரு கைத்தட்டு."

தட்டினார்கள். ராகினியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். நிர்மலாதேவி ஏதோ சொன்னாள், கைத்தட்டலில் கேட்கவில்லை. அவள் திரும்பி வாசல் பக்கம் நடந்தாள்.

"வாரியம் என்ன செஞ்சதுன்னு சிலர் கேக்கறாங்க," என்று நிவேந்திரன் தொடர்ந்தார். "கணக்கு சொல்றேன். போன நலங்குல, எங்க பதிவுப்படி, பூசுனவங்க ஒன்பது பேரு, பூசப்பட்டவங்க ஒருத்தரு, ஆக மொத்தம் பத்து பேருக்குப் பாதிப்பு. இன்னிக்குப் பூசற ஒன்பது பேருக்கும் நாங்க கையுறை குடுத்திருக்கோம். அப்ப என்ன ஆனாலும் அதிகபட்சம் ஒருத்தருக்குத்தான் ஆகும். தொண்ணூறு விழுக்காடு குறைவு. இது எந்த மாநிலத்துலயும் நடக்காத சாதனை."

அதிகபட்சம் ஒருத்தர் யார் என்று அந்த டேவானில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒருத்தியும் கேட்கவில்லை. நாதஸ்வரப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். சுமங்கலிகள் பயிற்சியில் சொன்ன வரிசைப்படி வந்து, உறை போட்ட விரல்களால் கிரீமை எடுத்து, கன்னத்தில், நெற்றியில், கழுத்தில், கையில் பூசினார்கள். பொம்மையில் பழகியிருந்ததால் எல்லா இடத்திலும் சீராகப் பூசினார்கள். வீடியோக்காரர் லைட்டைக் கிட்டே கொண்டுவந்தார். ராகினியின் முகம் நிஜமாகவே பளபளவென்று இருந்தது.

ஒன்பதாவது பெண்ணும் பூசி முடித்ததும் நல்லமுத்துவின் தோளை விட்டார்கள். அவர் ராகினியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கோபமெல்லாம் இல்லை.

"ஒண்ணும் எரியல அங்கிள். நல்லா குளுகுளுன்னு இருக்கு. இதுக்குப் போயி இவ்வளவு பயந்துட்டீங்களே."

"சரிம்மா," என்றார் நல்லமுத்து.

அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்யலாமா என்று யோசித்தார். லைசன் இல்லை. வெளியே போய், வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவிலிருந்து தன் காரை எடுத்து, முன்பக்கம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி டேவான் வாசலிலேயே திருப்பி நிறுத்தினார். பின்சீட்டில் கிடந்த சாமான்களைக் காரின் பின்பெட்டிக்குள் தூக்கிப் போட்டு, ஒருவர் படுக்கும்படி இடம் செய்தார். அப்புறம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.